அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு குடித்த சூப்

கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று பாடம்போல ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாம். இன்வெர்ட்டரில் எது ஓடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்: லைட் ஓடும், ஃபேன் ஓடும், டிவி கெஞ்சினால் ஓடும், மிக்ஸி ஓடாது, கிரைண்டர் ஓடவே ஓடாது. இருபத்தைந்து வயதில் 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பிக்கிறாளே என்று சிரிக்காதீர்கள். சார்ஜ் லைட் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதி, கண்ணாடி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இப்போது நான் வேலை பார்க்கும் ஊரில் டிசம்பர் மாதச் சாயங்காலங்கள் எலும்பைக் கடிக்கும். ஆபீஸ் முடிந்து வந்து நான் சூப் வைப்பேன். அறைத் தோழிகள் கோப்பையைக் கையில் அணைத்துக்கொண்டு, "என்ன க்ரீம் போட்டே? எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். க்ரீமே இல்லை, மைதா இல்லை, கார்ன்ஃப்ளார் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். சமையல் மேடையைத் துழாவிப் பார்த்த ஒருத்திகூட உண்டு. இந்த சூப் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் நிலக்கடலையிலிருந்தோ தேங்காயிலிருந்தோ ஆரம்பிக்க முடியாது. என் அப்பாவின் தாடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் ஒரு சின்ன லேத் பட்டறை. பம்ப் மோட்டாருக்கு வேண்டிய ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். பட்டறைக்குப் பின்னால் வீடு. அதனால் எங்கள் வீட்டுத் துணிமணி எல்லாவற்றிலும் கூலன்ட் ஆயில் வாசம் லேசாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் அதை சென்ட் என்று நினைத்திருந்தாள். அம்மா ஒரு மில் ஆபீசில் கம்ப்யூட்டரில் கணக்கு பார்த்தாள். சமையல் செய்வாள், அவ்வளவுதான். அதில் அவளுக்குப் பெருமையும் கிடையாது, வருத்தமும் கிடையாது.

அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக அப்பா மாலை போட்டிருந்தார். மாலை போட்ட கொஞ்ச நாளிலேயே, தோண்டிப்போட்டு மூடாமல் விட்ட ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி முகம் குப்புற விழுந்தார். கை தப்பியது, கால் தப்பியது. தாடை மட்டும் இரண்டு பக்கமும் விட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில் மேல்பல் வரிசையையும் கீழ்ப்பல் வரிசையையும் சேர்த்துக் கம்பியால் கட்டி அனுப்பிவிட்டார்கள். எலும்பு கூடும்வரை வாய் திறக்காது. எதுவானாலும் பல் இடுக்கு வழியாக உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். வாந்தி வந்தால் மூச்சு முட்டிவிடும், உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும், அதற்கு ஒரு கட்டிங் பிளையரைக் கையெட்டும் தூரத்தில் எப்போதும் வைத்திருங்கள் என்றார். பட்டறையில் இருந்ததிலேயே புதுப் பிளையரை எடுத்து, வெந்நீரில் கழுவி, கட்டில் தலைமாட்டில் ஆணியடித்து மாட்டினோம்.

நாங்கள் சத்தி என்று சொல்லும் சத்தியமங்கலத்திலிருந்து வந்து இறங்கிய அத்தை முதலில் பார்த்தது அப்பாவை அல்ல, அந்தப் பிளையரைத்தான். பார்த்ததும் அவர் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அத்தை. அப்பாவுக்கு அவர் அக்கா மட்டும் அல்ல.

"என்ற தம்பியக் கம்பி போட்டுக் கட்டிப்போட்டாங்களே!" என்று ஒரு மூச்சு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அந்த நிமிஷம் முதல் சமையலறை அவருடையது.

அடுத்த நாளிலிருந்து சொந்தபந்தமெல்லாம் ஒறம்பரையாக வர ஆரம்பித்தது. நம் பக்கம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? வெறுங்கையோடு வர மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல நமக்கும் வாய் வராது. முன்னறையில் பவானி ஜமக்காளத்தை விரித்துப் போட்டிருந்தோம். சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும் அந்த ஜமக்காளம் அந்த மாதம் முழுக்கச் சுருட்டப்படவே இல்லை. வந்தவர்கள் அதில் உட்கார்ந்து, தூக்குப் போசியைத் திறப்பார்கள். எல்லாப் போசியிலும் ஒன்றேதான் இருக்கும். ஆட்டுக்கால் சூப்.

"எலும்பு முறிஞ்சா எலும்பு சூப்புதானுங்க. மூணு நாளுல கூடிப்போகும்."

அப்பா மார்பில் கிடந்த மாலையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டுவார்.

"அட, சாமி கோவிச்சுக்காதுங்க. மருந்தா நெனச்சுக் குடிங்க."

அப்பா மறுபடியும் மாலையைத் தொடுவார். பேச முடியாதவரோடு எப்படி வாதாடுவது? அவர்களும் விட்டுவிடுவார்கள். போசியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்வது மரியாதை இல்லை. மாலை போட்ட வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே சூப் எல்லாம் முன்னறையிலிருந்து அப்படியே பட்டறைக்குப் போனது. பட்டறையில் வேலை பார்த்த மூன்று அண்ணன்களுக்கும் அந்த மார்கழியில் கன்னம் உப்பிவிட்டது.

அப்பாவுக்குக் காய்கறி சூப்தான் என்று முடிவானது. பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அத்தை தடுத்துவிட்டார். "பனிக்காலத்துல பாலு சளி கட்டும். கட்டின வாயோட இருமுனா என்ன பண்ணுவான்?" டாக்டர் எழுதிக் கொடுத்த சத்துமாவை அப்பா ஒரே ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் வெனிலா வாசத்துக்கு அந்த டப்பாவை அத்தையின் கண்ணெதிரிலேயே நான் தின்று தீர்த்தேன்.

அம்மா ஆபீஸ் போகுமுன் காய் நறுக்கி வைத்துவிட்டுப் போவாள். அரசாணிக்காய் என்கிற மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், நாலு சின்ன வெங்காயம், ஒரு கை பாசிப்பருப்பு. பொழுதோடு வந்து குக்கரில் வேகவைத்துக் கடைவாள். ஆரஞ்சு நிறத்தில், ஆவி பறக்க, பார்த்தாலே பசிக்கும். அதோடு அம்மாவின் வேலை முடிந்தது. பாத்திரம் அத்தையின் கைக்குப் போய்விடும்.

அத்தை ஒரு பழைய வேட்டித் துணியைத் துவைத்துக் கொதிக்கவைத்துக் காயப்போட்டு வைத்திருந்தார். அதை நனைத்து, நாலாக மடித்து, சூப்பை ஊற்றிப் பிழிவார். பிழிந்ததை மறுபடியும் ஊற்றுவார். மறுபடியும் பிழிவார். கடைசியில் டம்ளரில் இருப்பது பால் விடாத டீ மாதிரி தெளிந்திருக்கும். துணியில் ஆரஞ்சு உருண்டையாகச் சக்கை மிஞ்சியிருக்கும்.

"அத்தே, எல்லாம் துணியிலயே நின்னுபோச்சே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஏங் கண்ணு, ஆட்டுக்கால் சூப்பு வெச்சா எலும்பையா குடிக்கறோம்? சாறு எறங்கிருச்சுன்னா எலும்பைத் தூக்கிப் போடறதில்லையா? அது மாதிரிதான். சத்தெல்லாம் தண்ணியில எறங்கிருச்சு. இது வெறுஞ்சக்கை."

ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு பேர் இருந்தார்கள். தோட்டம் வைத்துக் காய் விளைவிக்கிறவர்கள் இருந்தார்கள், மில் சூப்பர்வைசர் இருந்தார், பள்ளிக்கூட வாத்தியார்கூட ஒருவர் இருந்தார். ஒருத்தருக்கும் அரசாணிக்காய்க்கு எலும்பு கிடையாது என்று தோன்றவில்லை. சூப் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஆட்டின் கால் மட்டும்தான் பொருள்; அதன் சட்டத்தை அப்படியே காய்கறிக்கும் போட்டுவிட்டார்கள்.

அப்பா அந்தத் தெளிந்த தண்ணீரை மரியாதையாகக் குடித்தார். அவர் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் வாராவாரம் எடை பார்ப்பார்கள். முதல் வாரம் குறைந்தது. எல்லாருக்கும் முதலில் குறையும் என்றார் டாக்டர். அடுத்த வாரமும் குறைந்தது. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "இப்படியே போனா எலும்பு கூடறதுக்கு உடம்புல ஒண்ணும் இருக்காதுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அத்தை முன்னறையில் எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"அடுத்த வெள்ளிக்கெழமை பாக்கறேன். இன்னொருக்கா எடை எறங்குச்சுன்னா, ஆஸ்பத்திரியில இருந்து அப்படியே சத்திக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். மாலையக் கழட்டிப் போட்டு, முருகங்கிட்ட நான் மன்னாப்புக் கேட்டுக்கறேன். காலும் கறியுமா வெச்சுக் குடுத்துத் தேத்தி அனுப்பறேன். ஆபீசுக்கும் போயிட்டு, ஊட்டுலயும் பாக்கறதுன்னா ஆகுமா? அவளக் குத்தஞ் சொல்லலீங்க. முடியலீங்கறேன்."

குற்றம் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு இதைவிட அழுத்தமாக யாராலும் குற்றம் சொல்ல முடியாது. அப்பா அக்காவையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். அக்கா சொல்லை அவர் ஒருநாளும் மீறியதில்லை. அம்மா உள்ளே போய்க் குக்கரைக் கழுவினாள். கழுவின குக்கரையே மறுபடியும் கழுவினாள். அப்பா அத்தையோடு போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தாடை எப்படியும் சேர்ந்துவிடும். 'புருசனுக்கு ஒரு சூப்பு வெச்சுக் குடுக்கத் தெரியல' என்கிற பேச்சால் எங்கள் உறவில் விழும் விரிசல் மட்டும் கடைசிவரைக்கும் சேராது.

மறுநாள் காலையில் பனி விலகாத நேரத்தில் பால்காரக்கா வந்தார். அடுத்த தெருவில் அவருக்கு மாட்டுக் கட்டுத்தரை. எங்கள் வீட்டுச் சக்கையும் கழனித் தண்ணியும் ஒரு வாளியில் சேர்ந்து தினமும் அவர் மாட்டுக்குத்தான் போகும்.

"ஏனுங்க்கா, அந்த வாளியில அப்படி என்னதானுங்க போடறீங்க?" என்றார் அம்மாவிடம். "வாளியப் பாத்தாலே கவுத்த அத்துக்கிட்டு வருது. பாலு எச்சாக் கறக்குதுங்க. தோலப் பாத்தீங்களா, எண்ணெ தேச்சுவிட்டாப்பல மினுமினுங்குது."

அம்மா பால் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். செருப்புகூடப் போடாமல் பால்காரக்காவுடன் கட்டுத்தரைக்கு நடந்தாள். நான் பாலைத் தளும்பவிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். மாடு எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. செவலை மாடு. விலா எலும்பு தெரியவில்லை. கழுத்து மடிப்பில் விரலை வைத்தால் வழுக்கும்போல இருந்தது. அம்மா அதன் முதுகைத் தடவியபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இத்தன நாளா உங்கப்பனுக்கு வெச்சத எல்லாம் இது தின்னுட்டு நிக்குது, கண்ணு!"

திரும்பி வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய நடை மாறியிருந்தது. மில்லில் கணக்கு டாலி ஆகாமல் தவித்து, தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடித்துவிட்ட நாட்களில் அவள் அப்படித்தான் வீட்டுக்குள் நுழைவாள்.

"அண்ணி, இன்னைக்கிருந்து சூப்பப் புழிய வேண்டாமுங்க."

அத்தை காபி டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "புழியாம? கம்பியில சிக்கிட்டா? பொறையேறிக்கிட்டா? அந்தக் கட்டிங் பிளையர எடுத்து நீ வெட்டுவியா, நான் வெட்டுவனா? எனக்குக் கையி வராது!"

பிழிந்து பிழிந்து அவர் சக்கையை எடுத்ததெல்லாம் எதற்கு என்று அம்மாவுக்கு அப்போது விளங்கியது. எனக்கும்தான். ராத்திரியெல்லாம் அத்தை கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு அந்தப் பிளையரைப் பார்த்தபடியே விழித்திருந்தார்.

அம்மா குரலை இறக்கினாள். "சிக்காத மாதிரி அரைக்கறேனுங்க. மொதல்ல நான் குடிச்சுப் பாக்கறேன். சிக்குச்சுன்னா குடுக்கலீங்க. வெள்ளிக்கெழம எடை எறங்குச்சுன்னா நானே துணிமணிய எடுத்து வெச்சு அனுப்பறனுங்க."

"நீயாச் சொல்லற. அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறமாட்டனுங்க."

அம்மா ஆபீசுக்கு லீவ் சொன்னாள். எங்கள் வீட்டில் பரிசோதனை தொடங்கியது. சொன்னால் நம்புங்கள், நான் பின்னால் படித்த எந்த லேபிலும் அவ்வளவு கறாராக வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு பத்திரிகையில் வந்த குறிப்பைப் பார்த்து மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பால் விட்டாள். கெட்டியாகத்தான் வந்தது, கூடவே கட்டி கட்டியாகவும் வந்தது. அதை மாட்டுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அடுத்து, மைதா போனால் போகிறது, நம் வீட்டில் கெட்டியாக்குவதற்கு என்ன உண்டோ அதைப் போடுவோம் என்று நிலக்கடலையை ஊறவைத்தாள். அப்பாவுக்குச் சத்தும் வேண்டுமே. ஊறின கடலையை நானும் அவளும் உட்கார்ந்து தோல் உரித்தோம். ஒரு துணுக்குத் தோல் இருந்தாலும் கம்பியில் போய் உட்காரும். விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்துவிட்டது.

சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கடலெண்ணெயில், நிறம் மாறாமல், கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்கினாள். அரசாணிக்காயும் கேரட்டும் பாசிப்பருப்பும் அதோடு குழைய வெந்தன. பீன்ஸ் நார் என்று தள்ளுபடி ஆனது. மிளகைத் தட்டிப் போட்டால் துகள் நிற்கும் என்று, சீரகத்தோடு துணியில் மூட்டை கட்டி உள்ளே தொங்கவிட்டு, வாசம் இறங்கியதும் எடுத்துவிட்டாள். மிக்ஸியில் அரைத்து, டீ வடிகட்டியில் ஊற்றினாள். வடிகட்டியில் மணல் மாதிரி கேரட் நின்றது.

"பெயில்" என்றாள் அம்மா.

இதுதான் அவள் கண்டுபிடித்த முறை. வடிகட்டி அவளுக்குச் சக்கையை எடுத்துப்போட அல்ல, பரீட்சை வைக்க. ஒன்றும் நிற்காமல் இறங்கினால் பாஸ். நின்றால் மறுபடியும் அரைக்க வேண்டும். அதிலும் பாஸானால் அடுத்த பரீட்சை நான். பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் திறந்து, ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டும். எதிரில் அம்மாவும் அதே மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவாள். இரண்டு பேரும் இளித்துக்கொண்டே உறிஞ்சுவதைக் கதவோரமாக நின்று பார்த்த அத்தை, "ஊட்டுல கட்டின வாயி ஒண்ணு போதாதுன்னு இதுக ரண்டும் வேற" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

மிக்ஸி தோற்றதும் அம்மா கிரைண்டருக்குப் போனாள். கோயமுத்தூரில் இருந்துகொண்டு இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெந்த காயையும் கடலையையும் கல்லில் போட்டு, உளுந்து அரைக்கிற மாதிரி நேரம் கொடுத்து ஓடவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வெளுத்து, பளபளப்பு ஏறி, கடைசியில் வெண்ணெய் மாதிரி கல்லில் ஒட்டாமல் சுழன்றது. அதை வெந்நீரில் கரைத்து ஒரு கொதி விட்டு, அடுப்பை அணைத்த பிறகு முதல் தேங்காய்ப்பாலைச் சேர்த்தாள். வடிகட்டியில் ஊற்றினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. கம்பி வலையில் ஒரு பொட்டுகூட இல்லை.

இளநீர் ஸ்ட்ரா அதற்கு மெலிசு. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். மில்க்ஷேக்குக்குப் போடுகிற தடிமனான ஸ்ட்ரா வேண்டும் என்றேன். "மில்க்ஷேக் வாங்குனாத்தான் பாப்பா" என்றார் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஆட்டுக்கால் சூப்பு குடுத்துப் பாருங்க" என்றார்.

அன்று கரண்ட் போக இன்னும் நேரம் இருந்தது. அப்பாவுக்குக் கொடுக்க இரண்டாம் ஈடு கிரைண்டரில் பாதி அரைபட்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. கல் இரண்டு சுற்றுச் சோம்பலாகச் சுற்றி நின்றது. பட்டறையிலும் லேத் அடங்கியது. தெருவே காது அடைத்த மாதிரி ஆயிற்று. முதல் ஈட்டை நாங்கள் பரீட்சை வைத்தே முடித்திருந்தோம். அப்பா உள்ளே பசியோடு இருந்தார். மார்கழிக் காற்று பின்கதவு வழியாக ஊசி மாதிரி ஏறியது.

அம்மா கிரைண்டரைப் பார்த்தபடி நின்றாள். அத்தை வந்து எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு அரையோணும்?"

"பாதிகூட ஆகலீங்க அண்ணி. இப்படியே குடுக்க முடியாதுங்க."

'அப்பறம் என்ன, புழிஞ்சு குடு' என்று அத்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அம்மாவால் மறுக்க முடிந்திருக்காது. வெள்ளிக்கிழமை அத்தை ஜெயித்திருப்பார். ஆனால் அத்தை திரும்பி நடந்தார். பின்கட்டுக்குப் போனார். அங்கே ஒரு ஆட்டுக்கல், மேலே செம்பருத்தித் தொட்டியைச் சுமந்துகொண்டு, யாரும் சீந்தாமல் கிடந்தது. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். "சுடுதண்ணி கொண்டா கண்ணு. தேங்காநாரு கொண்டா. அந்த லைட்ட இக்கட்டால காட்டு" என்று கத்தினார். கழுவினார், தேய்த்தார், மறுபடியும் கழுவினார். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தள்ளிவுடு" என்றார் அம்மாவிடம்.

அம்மா எதிரில் உட்கார்ந்து தள்ளிவிட்டாள். குழவி குடுகுடுவென்று சுழன்றது.

"தண்ணி தெளிக்காத! நீத்துப்போகும்."

"தெளிக்கலீங்க அண்ணி."

"கைய எடு, நசுங்கிரும். ஆபீசுக் கை. இதெல்லாம் எங்க பழக்கம்."

"நீங்க சித்த எந்திரிங்க, நான் ஆட்டறேன்."

"நீ ஆட்டுனா விடிஞ்சுரும். உக்காரு."

கரண்ட் வருவதற்கு முன்பே விழுது தயாரானது. அத்தை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, டீ வடிகட்டியைத் தானே எடுத்து நீட்டினார். அதில் ஒன்றும் நிற்கவில்லை.

அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அத்தையின் ஒரு கை பிளையர்மேல் இருந்தது. அப்பா தடித்த ஸ்ட்ராவை உதட்டில் வைத்து உறிஞ்சினார். தொண்டை ஏறி இறங்கியது. நிறுத்தினார். அத்தை மூச்சு விடவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் உறிஞ்சினார். டம்ளரின் அடியில் சர்ரென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும்வரை நிறுத்தவில்லை. பிறகு, கட்டின பல்லுக்கு உள்ளிருந்து, சத்திக்கே கேட்கும்படியாக ஒரு குரல் வந்தது:

"இன்னும்!"

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை அந்த வீட்டில் அந்தச் சொல் ஓயவில்லை. கரண்ட் இருந்தால் கிரைண்டர், இல்லாவிட்டால் அத்தை. வந்த ஒறம்பரைக்கெல்லாம் ஒரு சின்ன டம்ளரில் சூப் கிடைத்தது. வாத்தியார் மூன்றாம் டம்ளர் கேட்டார். பால்காரக்கா வாளியைப் பார்த்து முகம் சுருங்கிப் போனார். மாடு இரண்டு நாள் முறைத்துக்கொண்டு நின்றதாம். இப்போதும் அந்த ருசியைச் சரியாகப் பிடிக்கத்தான் பார்க்கிறேன். கடலையின் மண்வாசம், அரசாணிக்காயின் இனிப்பு, அது முடிகிற இடத்தில் தெரிந்தும் தெரியாமலும் மிளகு. எல்லாம் வருகிறது. அந்தக் கல்லின் வழுவழுப்பு மட்டும் வரமாட்டேன் என்கிறது. பின்கட்டுக்கு டைல்ஸ் போட்டபோது அந்த ஆட்டுக்கல்லை யார் எடுத்துப் போனார்கள் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தை சொன்னபடியே தயாராக வந்தார். அப்பாவின் வேட்டி சட்டை வைத்த பையை ஆட்டோவிலேயே மடியில் வைத்துக்கொண்டார். அம்மாதான் மடித்து அடுக்கிக் கொடுத்தாள். பேச்சு மாறவில்லை.

அப்பா எடை மெஷினில் ஏறினார். ஏறுமுன் செருப்பைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார், கொஞ்சமும் ஏமாற்றக் கூடாது என்று. முள் ஆடியது. அத்தை குனிந்தார். அம்மா குனியவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தார். டாக்டர் போன வாரத்து எண்ணையும் இந்த வாரத்து எண்ணையும் பார்த்தார். "ஏறியிருக்கே!" என்றார். அப்பாவின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார், கம்பியை டார்ச் அடித்துப் பார்த்தார். "சுத்தமாவும் இருக்கு. என்ன குடுத்தீங்க?"

டாக்டர் எதிரில் இருந்தது ஒரே நாற்காலி. எப்போதும்போல அத்தைதான் அதில் உட்கார்ந்திருந்தார். கேள்வியும் அவரைப் பார்த்துத்தான் வந்தது. அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னையக் கேக்காதீங்க" என்றார். அம்மாவின் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். "இவளக் கேளுங்க."

அம்மா முதலில் தயங்கினாள். பிறகு ஆரம்பித்தாள். கடலைத் தோலில் ஆரம்பித்து, மிளகு மூட்டைக்கு வந்து, வடிகட்டிப் பரீட்சையைச் சொல்லி, தேங்காய்ப்பாலை ஏன் அடுப்பை அணைத்த பிறகு விட வேண்டும் என்பதுவரை போனாள். குரல் நிமிர்ந்தது. கைகள் காற்றில் அரைத்தன. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, வார்டில் தாடை கட்டியிருந்த இன்னொருவரின் வீட்டம்மாவை வரச் சொன்னார். அந்த அம்மா வந்து நின்றதும், அம்மா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அப்பா என்னைப் பார்த்தார். அப்படிச் சிரிக்கத்தான் அவரால் அப்போது முடியும்.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. டோக்கன் கூப்பிடுகிற ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டி, "அடுத்த ஆள் வரணும், கொஞ்சம் சீக்கிரம்" என்றார்.

அத்தை பையோடு கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"சித்த இருங்க சார்," என்றார். "எங்கூட்டு அம்மணி பேசிட்டு இருக்கறா."